கொல்ப் வீச்சுக் கற்பிக்கும் பாடம்

ஒரு செயலைப் பலமுறை செய்வோன் அச்செயலில் வல்லவனாவான் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அதனை மறுப்பார் எவருமிலர். ஆயின், பலமுறை செய்தல் என்பதன் பொருள் யாது? ஓரிடத்தில் நின்று, ஒரே கருவியைக் கொண்டு, ஒரே விதமாக நூறு முறை செய்தலா? அன்றி, நூறு வேறு நிலைகளில் நின்று ஒரே நோக்கத்தை நூறு முறை நிறைவேற்ற முயலுதலா? இவ்விரண்டையும் பயிற்சி என்னும் ஒரே சொல்லால் வழங்குகின்றோம். ஆயினும் இரண்டின் பயனும் ஒன்றன்று. கல்லூரியின் விழாவை முன்னிட்டு விளையாட்டுத் திடலுக்கு என்ன செய்யலாம் எனப் பழைய மாணவர் பலரும் ஆராயும் இவ்வேளையில், இவ்வேறுபாட்டை எடுத்துரைத்தல் எமது கடனெனக் கருதுகின்றோம்.

இதனை விளக்குதற்குக் கொல்ப் ஆட்டத்தைக் காட்டிலும் தகுந்த சான்று வேறில்லை. கல்முனைக் கரைக்கும் கொல்ப் ஆட்டத்துக்கும் என்ன உறவு என நகைப்பாருமுளர். அவ்வாட்டம் ஆங்கிலேயருடன் இந்நாட்டுக்கு வந்தது. கொழும்பிலுள்ள றோயல் கொழும்பு கொல்ப் கழகம் 1879இல் தோன்றியது. நுவரெலியாவின் திடலும் அந்நூற்றாண்டின் இறுதியில் எழுந்ததே. கிழக்கில் திருகோணமலைச் சீனன்குடாவில் விமானப்படையினரின் திடல் ஒன்றுண்டு. எம்மூர்ப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் கொல்ப் கோலைக் கையால் தொட்டதுமில்லை. எனினும் தங்கராஜா, பிரபாகரன் ஆகிய தமிழ்ப் பெயர்கள் இலங்கையின் தொழில்முறைக் கொல்ப் வீரர் வரிசையில் இடம்பெற்று, இந்தியப் போட்டிகளிலும் ஒலித்தமையை நாமறிவோம். கொழும்பிலும், மெல்பேணிலும், ரொறன்ரோவிலும், இலண்டனிலும் வாழும் எமது பழைய மாணவர் சிலர் ஓய்வு நாட்களில் கொல்ப் திடலுக்குச் செல்வதையும் அவர்தம் கடிதங்கள் கூறுகின்றன. அவர்கள் யாவரும் ஒருமுகமாகக் கூறும் குறை ஒன்றுண்டு. பயிற்சித் திடலில் அழகாகப் பறக்கும் பந்து, ஆட்டத் திடலில் சொற்கேளாப் பிள்ளை போல் திசைமாறி ஓடுகின்றது என்பதே அக்குறை.

அதன் காரணத்தை ஆராய்வோம். கொல்ப் பந்து 46 கிராம் எடையும் இல்லாதது. அது சென்று விழவேண்டிய குழியின் வாய் 108 மில்லிமீற்றர் அகலமுடையது. முழுமையான திடலொன்றில் அத்தகைய குழிகள் 18 உள. ஆடுவோன் தன் பையில் 14 கோல்கள் வரை கொண்டுசெல்லலாம். முதலடியை நீண்ட கோலாலும், அடுத்ததை இரும்புத்தலைக் கோலாலும், மூன்றாவதைக் குறுங்கோலாலும் அடித்து, இறுதியிற் பந்தை மெல்ல உருட்டிக் குழியில் வீழ்த்துகின்றான். ஓரடிக்குப் பந்து மேட்டில் கிடக்கும். மற்றோரடிக்குப் பள்ளத்தில் கிடக்கும். சிலபோது புல்லில் மறையும். சிலபோது மணலிற் புதையும். காற்று ஒருகால் முகத்திலும் ஒருகால் முதுகிலும் வீசும். எனவே ஒரு நாளாட்டத்தில் முற்றிலும் ஒத்த இரண்டு அடிகள் வாய்ப்பது அரிதினும் அரிது.

இனிப் பயிற்சித் திடலை நோக்குவோம். ஆங்கே சமதரையில் விரித்த பாய், அதன்மேற் பந்து, கையில் ஒரே கோல், எதிரே ஒரே இலக்கு. முதற் பந்து வலப்பக்கம் சென்றால் இரண்டாவதைச் சற்றே திருத்தி அடிக்கின்றான்; மூன்றாவதை இன்னுஞ் சற்றுத் திருத்துகின்றான். இருபதாவது பந்து நேரே பறக்கின்றது. அவன் உள்ளம் பூரிக்கின்றது. ஆயின் இருபதாவது பந்தை அடித்தது அவன் கற்ற கல்வியன்று. பத்தொன்பதாவது பந்தின் நினைவே அதனை அடித்தது. ஆட்டத் திடலிலோ அவனுக்குப் பத்தொன்பது முன்னோடிப் பந்துகள் கிடையா. ஒவ்வோரடியும் முதலடியே. கோலைத் தேர்ந்து, தூரத்தை மதித்து, காற்றை அளந்து, உடலை நிறுத்தி, அடிக்கும் முறையைத் தன் அறிவினின்றும் புதிதாக வரவழைத்தல் வேண்டும். அவ்வாறு வரவழைக்கும் ஆற்றலைப் பயிற்சித் திடல் அவனுக்குக் கற்பித்திலது. பயிற்சியிற் பெற்ற இன்பம் ஆட்டத்தில் ஏமாற்றமாக முடிவது இதனாலேயே.

வீச்சு என்பது ஒரே அச்சில் வார்த்தெடுக்கப்படும் பொருள் என்னும் எண்ணமே இப்பிழைக்கு வேர். 1920களில் மொஸ்கோவில் நிக்கொலாய் பேர்ன்ஸ்ரைன் என்னும் அறிஞர் தேர்ந்த கொல்லர்களின் சம்மட்டி வீச்சைப் படம்பிடித்து ஆராய்ந்தார். சம்மட்டியின் முனை ஏறத்தாழ ஒரே வழியிற் சென்று விழுந்தபோதும், தோளும் முழங்கையும் மணிக்கட்டும் அவ்வாறு ஒரே விதமாக அசையவில்லை. அடிக்கு அடி வேறுபட்டன. தோளில் நேர்ந்த சிறு வேறுபாட்டை முழங்கை ஈடுசெய்தது. முழங்கையின் வேறுபாட்டை மணிக்கட்டு ஈடுசெய்தது. வல்லவன் தன் அசைவை மீட்டும் மீட்டும் படியெடுப்பவன் அல்லன். முடிவை அடையும் வழியை ஒவ்வொரு முறையும் புதிதாகக் காண்பவன். கொல்லன் சம்மட்டிக்குப் பொருந்துவது கொல்ப் கோலுக்கும் பொருந்தும் அன்றோ?

இவ்வுண்மையைத் தம் வாழ்வாற் காட்டியவர் செவெரியானோ பயெஸ்ரரோஸ். 1957இல் ஸ்பெயின் நாட்டின் வடகரையில் பெத்ரேனா என்னும் சிற்றூரிற் பிறந்த அவர், இளமையிற் செல்வர் ஆடுந் திடலில் அவர்தம் கோற்பையைச் சுமக்கும் சிறுவராக இருந்தார். அத்திடலில் தாராளமாக ஆடும் உரிமை அவருக்கில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் மூன்றாம் இலக்க இரும்புக் கோல் ஒன்றே. கடற்கரை மணலே அவரது திடல், கூழாங்கற்களும் பந்தாயின. நெடுந்தூரம் அடிப்பதற்கும் அக்கோலே. மெல்ல உயர்த்தி வீழ்த்துவதற்கும் அக்கோலே. ஈரமணலுக்கும் உலர்மணலுக்கும் அக்கோலே. கருவி ஒன்றாயினும் அவர் கற்ற அடிகள் எண்ணிறந்தன. பிற்காலத்தில் பிரித்தானியத் திறந்த போட்டியை 1979, 1984, 1988 ஆகிய ஆண்டுகளிலும், அமெரிக்காவின் மாஸ்ரர்ஸ் போட்டியை 1980, 1983 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். 1979ஆம் ஆண்டுப் போட்டியின் இறுதி நாளில், பதினாறாம் குழிக்கான அவரது முதலடி வழிதவறி வாகனங்கள் தரித்துநின்ற இடத்திற் சென்று வீழ்ந்தது. பிறர் மனமிடிந்திருப்பர். அவரோ அங்கிருந்தே அடித்து, அக்குழிக்குரிய அடிக்கணக்கிலும் ஓரடி குறைவாக முடித்தார். பாய்விரித்த பயிற்சித் திடலில் மட்டும் வளர்ந்த கைக்கு அது கைகூடியிருக்குமா?

ஒருவர் வாழ்வைக் கொண்டு பொதுவிதி கூறல் தகாதென்பார்க்கு ஆராய்ச்சிகளும் உள. 1978இல் கேர், பூத் ஆகிய இருவர் கனடாவில் எட்டு வயதுச் சிறுவரைக் கொண்டு செய்த சோதனை யாவரும் அறியத்தக்கது. சிறு பைகளை இலக்கில் எறிய வேண்டும். ஒரு சாரார் மூன்றடித் தொலைவிலேயே பழகினர். மற்றையோர் இரண்டடியிலும் நான்கடியிலும் பழகினர். மூன்றடியில் ஒருகாலும் எறிந்திலர். ஈற்றில் யாவரையும் மூன்றடித் தொலைவிற் சோதித்தபோது, அத்தொலைவையே அறியாத பின்னையோர் முன்னையோரை விஞ்சினர்! 1994இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, கலிபோர்னியாவின் கல்லூரி அணியொன்றின் பேஸ்போல் வீரரைப் பற்றியது. ஆறு கிழமைகள், கிழமைக்கு இரு நாள், நாளொன்றுக்கு 45 பந்துகள் மேலதிகமாக அடித்தனர். ஒரு குழுவுக்கு வேகப்பந்து 15, பின்னர் வளைபந்து 15, பின்னர் வேகங்குறைந்த பந்து 15 என வகைவகையாக வீசப்பட்டன. மற்றக் குழுவுக்கு அதே 45 பந்துகள் எது வருமென அறியாவண்ணம் கலந்து வீசப்பட்டன. எப்பந்து வருமென அறியாத சோதனையில், கலந்து பழகியோர் நூற்றுக்கு 57 அளவு முன்னேறினர். வகைவகையாகப் பழகியோர் 25 அளவே முன்னேறினர். மேலதிகப் பயிற்சி இல்லாதோர் 6 அளவில் நின்றனர். பந்துகளின் தொகை ஒன்றே. வரிசை மட்டுமே வேறு.

நிற்க. இதற்கு ஒரு தடை எழுப்புவாருமுளர். கோலைப் பிடிக்கவே அறியாத ஒருவனை முதல் நாளிலேயே மேட்டிலும் பள்ளத்திலும் நிறுத்தினால் அவன் குழம்பிப் போகானோ என்பர். அவர் கூற்று நியாயமானதே. 2004இல் குவாடக்னோலி, லீ என்னும் இருவர் இதற்குத் தெளிவான விடை தந்தனர். பயிற்சியின் கடினம் பயில்வோன் நிலைக்கு ஏற்ப இருத்தல் வேண்டும் என்பதே அவ்விடை. தொடக்கத்தில் பிடியும் நிலையும் கைவரும் வரை ஒரே அடியைத் திருப்பிச் செய்தல் நன்று. அவை கைவந்த பின்னும் அவ்விடத்திலேயே நின்றுவிடுதலே தீது. அன்றியும், எல்லாத் தொழிலும் ஒரு தன்மையன அல்ல. மருதமுனையின் கைத்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரைப் பாருங்கள். தறி அசையாது நிற்பது. பாவும் ஒரே சீரில் இழுத்துக் கட்டப்பட்டது. ஆங்கே ஒரே அசைவை ஒரே சீராகச் செய்தலே திறமை. அதே கரையில் வீச்சுவலை எறிபவரைப் பாருங்கள். நீரின் ஆழம் வேறு, காற்று வேறு, மீன் ஓடும் திசை வேறு. ஆகலின் ஒவ்வோர் எறியும் வேறு. கொல்ப் ஆடுவோன் நெசவாளரின் மாணாக்கன் அல்லன், வலைஞரின் மாணாக்கன்.

ஆகவே கடல்கடந்து வாழும் எமது கொல்ப் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. பயிற்சித் திடலில் முதற் பத்துப் பந்துகளை உடல் இளகுதற்பொருட்டு ஒரே கோலால் அடியுங்கள். அதன்பின் ஒரே கோலைத் தொடர்ந்து இருமுறை எடாதீர்கள். பந்துக்குப் பந்து இலக்கை மாற்றுங்கள். ஒவ்வோர் அடிக்கும் பின்வாங்கிச் சென்று, குறிபார்த்து, மீண்டும் வந்து நில்லுங்கள். நீங்கள் ஆடும் திடலின் குழிகளை மனத்தில் வைத்து, முதலடிக்கு உரிய கோல், இரண்டாமடிக்கு உரிய கோல் என ஆட்டத்தை ஆடியவாறே பழகுங்கள். குழியை நோக்கி உருட்டும் அடியையும் ஓரிடத்திலிருந்தே பத்துமுறை உருட்டாது, ஒரே பந்தை வைத்து, மூன்று காலடி, ஏழு காலடி, ஐந்து காலடி எனத் தொலைவும் பக்கமும் மாற்றி உருட்டுங்கள். இவ்வாறு செய்யுங்கால் பிழை மிகும். பயிற்சி அழகாக இராது. அதற்காகச் சோர்வடையாதீர்கள். அப்பிழைகளே கல்வியின் விலை.

கொல்ப் பந்திலிருந்து எமது கல்லூரித் திடலுக்குச் செல்லும் வழியை அவுஸ்திரேலியாவின் பிராட்மன் காட்டிவைத்துள்ளார். பௌரல் என்னும் ஊரில் சிறுவராயிருந்தபோது அவர் பழகியது கொல்ப் பந்தைக் கொண்டே. நீர்த்தொட்டியைத் தாங்கிநின்ற செங்கற் கட்டில் அப்பந்தை எறிவார். அது எப்பக்கம் திரும்பும் என முன்னரே அறிய இயலாது. திரும்பும் பந்தைத் துடுப்பாட்ட மட்டையால் அன்று, மெலிந்த விக்கெற் தடியால் அடிப்பார். அக்கை பின்னர்த் தேர்வாட்டங்களில் 99.94 என்னும் சராசரியைப் பெற்றது. அவரது ஆட்டத்தை 1948இல் கொழும்பு மக்களும் கண்டு களித்தனர். அவர்க்கு வாய்த்தது விலையுயர்ந்த இயந்திரமன்று, ஒரு தொட்டிச்சுவரே.

இக்கரையில் எமக்கு வாய்த்தவை இன்னும் பல. ஈரமணல், உலர்மணல், களிமண் தரை, புற்றரை யாவும் ஒருநாள் நடையில் உள. கச்சான் வீசும் மாதங்களில் ஒருவகைக் காற்று. வாடை வீசும் மாதங்களில் வேறொருவகைக் காற்று. தெற்கே அறுகம்பையில் அலைச்சறுக்கு ஆடும் பொத்துவில் இளைஞருக்கு ஆசிரியர் அலைகளே. ஓரலை போல் மற்றோரலை வருவதில்லை. 2004ஆம் ஆண்டு மார்கழியில் கடல் பொங்கி எழுந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு எங்கும் உயிர்களையும் இல்லங்களையும் கொண்டுசென்றது. பிள்ளைகள் கடலை நோக்கவும் அஞ்சிய காலம் அது. அம்மணலில் மீண்டும் பந்தாடும் சிறுவரைக் காணும்போது எமதுள்ளம் நெகிழ்கின்றது. ஆனால் அச்சிறுவர் கல்லூரித் திடலுக்கு வந்தவுடன் நாம் செய்வது யாது? வலைக்குள் நிறுத்துகின்றோம்; ஒரே பக்கமிருந்து, ஒரே வேகத்தில், ஒரே நீளத்தில் பந்து வீசுகின்றோம்; அங்கு அழகாக அடிப்பவனை அணியிற் சேர்க்கின்றோம்; மணலிற் பழகிய கை சற்றே கோணலாக வீசினால் முறையறியாதவன் எனத் தள்ளுகின்றோம். போட்டி நாளில் பந்து எதிர்பாராது எழும்போது, அழகிய வீச்சுடையான் ஆட்டமிழந்து திரும்புகின்றான். தள்ளப்பட்டவனோ வேலிக்கு வெளியே நின்று பார்க்கின்றான். இது பயிற்சியின் குற்றம் மட்டுமன்று, நீதியின் குற்றமுமாம்.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். முதலாவது, பயிற்சியின் முறையை மாற்றுதல். ஒரு பந்துவீச்சாளர் தொடர்ந்து வீசாது, வேகமும் சுழலும் இடக்கையும் வலக்கையும் பந்துக்குப் பந்து மாறிவரட்டும். தோற்பந்தோடு றப்பர்ப் பந்தும் ரெனிஸ் பந்தும் கலக்கட்டும். எல்லே ஆடுவோரும் கரப்பந்தாட்டக்காரரும் இவ்விதியையே கைக்கொள்ளட்டும். இரண்டாவது, தேர்வின் அளவுகோலை மாற்றுதல். வலைக்குள் எவன் அழகாக அடிக்கின்றான் என்று பாராது, புதிய நிலையில் எவன் தன்னைத் திருத்திக்கொள்கின்றான் என்று பாருங்கள். பயிற்சி நாளில் பிழைபடும் மாணவனை ஏசாத பொறுமை ஆசிரியர்க்கு வேண்டும்.

மூன்றாவதே மிக இன்றியமையாதது. எம்மிடையே பந்துவீசுவோரின் கைகளை எம் மாணவர் நன்கறிவர். அறிந்த கையை எதிர்ப்பது ஆட்டமன்று, அரைத்தூக்கமே. கல்முனை சாஹிராவும், கார்மேல் பற்றிமாவும், உவெஸ்லியும், சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் மருதமுனையிலும் உள்ள பாடசாலைகளும் எட்டிய தூரத்திலா உள்ளன? தமிழூரும் முஸ்லிம் ஊரும் வேலியோடு வேலியாய் அமைந்த கரை இது. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை கிண்ணத்துக்காக எதிர்த்து நிற்பதன்றி, மாலைதோறும் ஒருங்கு பயில்வதை நாம் காண்பதரிது. கிழமைக்கு ஒரு நாளாயினும் அவர் திடலில் நாமும், எமது திடலில் அவரும் கலந்து பழகுவோமாயின், எம் பிள்ளைகள் புதிய பந்துவீச்சையும் புதிய தரையையும் கற்பர். அதனோடு புதிய தோழரையும் பெறுவர். கடந்த காலத்தின் கசப்புகள் பல மேடைப் பேச்சால் தீர்ந்தில. மாறிமாறிப் பந்து வீசும் பிள்ளைகளாற் சில தீரலாம். பழைய மாணவர் திரட்டும் விழா நிதியில், ஒரே விதமாகப் பந்தெறியும் இயந்திரத்துக்கு முன்னர், பிள்ளைகளை அயலூர்த் திடலுக்கு ஏற்றிச்செல்லும் வாகனச் செலவுக்கு ஒரு பங்கை ஒதுக்குமாறு வேண்டுகின்றோம்.

பரீட்சை நெருங்கும் மாணவர்க்கும் இதில் ஒரு சொல் உண்டு. 2007இல் அமெரிக்காவில் றோரர், ரெயிலர் என்பார் கனவளவு காணும் நால்வகைக் கணக்குகளைக் கொண்டு சோதித்தனர். வகைவகையாகச் செய்தோர் பயிற்சியில் நூற்றுக்கு 89 சரியாகச் செய்தனர். கலந்து செய்தோர் 60 மட்டுமே. ஒரு கிழமை சென்று சோதித்தபோதோ, முன்னையோர் 20க்கு வீழ்ந்தனர். பின்னையோர் 63 பெற்றனர். கொல்ப் திடலில் கண்டதே கணக்குப் புத்தகத்திலும் காணப்படுகின்றது.

எளிதாக வருவது எளிதாகப் போகும். தடுமாறிக் கற்றது தங்கி நிற்கும். எமது கல்லூரி தன் மாணவரை ஒரு பாய்மேல் நின்று அடிக்கும் கைகளாக அன்றி, எத்தரையிலும், எக்காற்றிலும், எவரோடும் நின்று ஆடவல்ல கைகளாக ஆக்கி அனுப்புமாக. அதுவே இவ்விழாவுக்கு நாம் செய்யும் சிறப்பு. வாழ்க எம் கல்லூரி!